ஒரு விரற்கடை மிஞ்சிய குடுவை

மேனகா என்ற பெயரை மங்களேஸ்வரி முதன்முதலாகக் கேட்டது இரண்டு வருஷத்துக்கு முந்தின ஒரு புரட்டாதி மாதத்தில். பப்பாசித் தோல் நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலை அலுவலக அறையைக் கடந்து போனாள். கதவு திறந்து கிடந்தது. உள்ளே மேனேஜர் அம்மா, எல்லாரும் நோனா என்று கூப்பிடுகிறவர், ஒரு கடுதாசியைச் சத்தமாகப் படித்தார்: "அழகுமுத்து மேனகா. இரத்தோட்டை." பிறகு யாரிடமோ சிங்களத்தில், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, கண்ணாடிச் சாமான் கழுவத்தானே, ஆறு மாதம் வைத்துப் பார்ப்போம், சரியென்றால் நிரந்தரமாக்குவோம் என்றார்.

மங்களேஸ்வரி வாளியைக் கீழே வைத்துவிட்டு அழகுமுத்து என்ற பெயரை மனதுக்குள் புரட்டினாள். இரத்தோட்டைப் பக்கம் அவளுக்குத் தெரிந்த அழகுமுத்துகள் மூன்று பேர். ஒருவர் செத்துப்போனார். ஒருவருக்குப் பெண் பிள்ளையே இல்லை. மூன்றாவது ஆள் மாரிமுத்துக் கங்காணியின் மகளைக் கட்டியவர். அந்த மாரிமுத்து மங்களேஸ்வரியின் அப்பாவுக்குச் சின்னம்மா மகன். அப்படியானால் வருகிறவள் தங்கச்சி மகள். சொந்த இரத்தம்.

மறுநாள் காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பெண்ணை அவள் கேட்டிலேயே மறித்தாள்.

"நீதானே மேனகா? ஒங்கம்மா பேரு இலட்சுமியா?"

"ஆமாங்க."

"ஒங்க தாத்தாவுக்கு இடது காதுல பாதி இருக்காதே, நாய் கடிச்சு?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "அது நாய் கடிக்கலீங்க. அம்மாச்சி கடிச்சதுன்னு தோட்டத்துல சொல்வாங்க."

"அப்போ நீ எனக்கு மகதான். பெரியம்மான்னு கூப்புடு."

மங்களேஸ்வரி அந்தத் தொழிற்சாலையில் கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி போடும் வேலையைப் பதினொரு வருஷமாகச் செய்துவந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகளை நாவுலவில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. முத்துமாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். மாத்தளையிலிருந்து இரத்தோட்டைக்குப் போகிற பாதையில்தான் தொழிற்சாலை. பப்பாசி, மாம்பழம், பலாச்சுளை எல்லாவற்றையும் உறையவைத்து, ஐஸ் உருகாமலே ஈரத்தை உறிஞ்சி எடுத்து, காய்ந்த துண்டாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அதற்குப் பெரிய இயந்திரங்கள் மூன்று இருந்தன. பின்கட்டில் சின்னதாக ஒன்று. அந்தச் சின்ன இயந்திரமும் அது இருந்த அறையும் மோகனராஜ் சேருக்கு.

மோகனராஜ் மாத்தளை டவுனில் இரும்புக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. பெரிய படிப்புப் படித்து வெளிநாட்டில் வேலை பார்த்தவர், நாற்பது வயதில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அவர் அந்த அறையில் என்ன செய்தார் என்பதை மங்களேஸ்வரி தனக்குப் புரிந்த விதத்தில் வைத்திருந்தாள். பொலிமர் என்று ஒரு வெள்ளைத் தூள், சவ்வரிசி மா மாதிரி. அதைச் சுடுதண்ணீரில் கரைத்தால் கஞ்சித்தண்ணி போலத் தெளிவாக வரும். அந்தக் கரைசலைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, புகை கக்குகிற திரவ நைட்ரஜனில் முக்கிச் சுழற்றினால் கண்மூடித் திறக்கிறதற்குள் கல்லாகிவிடும். பிறகு இயந்திரத்தில் மாட்டி இரண்டு இரவு இரண்டு பகல் விட்டுவைக்க வேண்டும். உள்ளே காற்றே இல்லாமல் உறிஞ்சிவிடுவதால் ஐஸ் தண்ணீராகாமல் அப்படியே ஆவியாகிப் போய்விடும். ஐஸுக்கு நடுவே ஒதுங்கி நின்ற பொலிமர் மட்டும் மிஞ்சும். அது நூலாக மிஞ்ச வேண்டும் என்பதுதான் சேரின் தவம். தலைமயிரை நீளவாக்கில் ஆயிரமாகக் கிழித்தால் எப்படியோ அப்படி ஒரு நூல். நனோ இழை என்று சொல்வார்.

"அது எதுக்குங்க சேர் அவ்வளவு மெல்லிசா?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"தீக்காயத்துக்குக் கட்டுற துணி பாத்திருக்கீங்களா மங்களக்கா? பிரிக்கிறப்ப புதுசா வந்த தோலும் சேர்ந்து உரிஞ்சு வரும். சின்னப் பிள்ளைங்க கத்துற சத்தம் வெளியில ரோட்டுக்குக் கேக்கும். இந்த நூல்ல ஒரு துணி செஞ்சா அது ஒட்டாது. உரிக்கவே வேண்டாம்."

ஆனால் நூல் வரவில்லை. நாற்பது தடவைக்கு மேல் செய்தார். ஒவ்வொரு தடவையும் குடுவைக்குள் அப்பளத்தை நொறுக்கிப் போட்ட மாதிரி தகடு தகடாகத்தான் கிடைத்தது. கொழும்பில் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிற ஒரு குழு அவருக்கு மூன்று வருஷம் தவணை கொடுத்திருந்தது. அதில் இரண்டு போய்விட்டது.

மேனகா கெட்டிக்காரி. உயர்தரப் பரீட்சைக்கு விஞ்ஞானம் படித்து ஒரு பாடத்தில் கோட்டை விட்டவள். குடுவை கழுவ வந்தவளுக்கு மூன்றாம் மாதத்திலேயே நைட்ரஜனில் முக்கிச் சுழற்றுகிற வேலையையும் சேர் பழக்கிவிட்டார். தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டு அவள் குடுவையைச் சுழற்றும்போது மங்களேஸ்வரி கதவருகில் நின்று பார்ப்பாள். மாரிமுத்துக் கங்காணியின் பேத்தி, நகத்தில் தேயிலைக் கறை இல்லாமல், வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு.

கோட்டுக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. மேனகாவின் அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது, மலை ஏற முடியாது. தோட்டம் கொடுத்த லயத்து வீட்டில் இருக்க வேண்டுமானால் ஒருவராவது தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிய வேண்டும் என்று தோட்டத் துரை சொல்லியனுப்பினார். அழகுமுத்து மகளிடம் கண்டிப்பாகப் பேசிவிட்டார். "ஒனக்கு அங்க நிரந்தரம்னு கடுதாசி வந்தா, நான் துரைகிட்ட எப்படியாச்சும் பேசிப் பாக்குறேன். வரலைன்னா பங்குனியில ஒம் பேரப் பதிஞ்சிடுவேன். அப்பறம் அழக்கூடாது." பேர் பதிந்தால் வெள்ளைக் கோட்டு இல்லை. கூடைதான். மேனகா இதை மங்களேஸ்வரியிடம் சொன்னபோது அழவில்லை. "எனக்குக் கொழுந்து எடுக்கத் தெரியாது பெரியம்மா. அம்மா சொல்லித் தரவேயில்ல. வேணும்னே சொல்லித் தரல" என்றாள்.

ஆறு மாதம் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. மாசி மகத்துத் தேர்நாள். மோகனராஜ் வீட்டாருக்குக் கோயிலில் பரம்பரை உபயம் உண்டு. அதனால் சேர் விடிகாலையிலேயே வந்து கரைசலைக் காய்ச்சி, குடுவையில் ஊற்றி ஆறவைத்துவிட்டு, வேட்டியோடு கிளம்பினார். தூள் இருந்த அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். "மேனகா, ஆறினதும் நைட்ரஜன்ல போட்டு மெசின்ல மாட்டிடு. நாளை மறுநாள் பாப்போம்." தொழிற்சாலையில் பாதிப் பேர் தேர் பார்க்கப் போய்விட்டார்கள்.

பத்து மணி இருக்கும். மங்களேஸ்வரி சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். மேனகா வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போனார்கள் என்றுதான் நினைத்தாள்.

"பெரியம்மா, கொட்டிப்போச்சு."

"என்னாது?"

"குடுவ வழுக்கிச் சாஞ்சிருச்சு. எல்லாம் தொட்டியில ஓடிப்போச்சு. புடிக்கிறதுக்குள்ள..."

ஓடிப்போய்ப் பார்த்தாள். குடுவை உடையவில்லை. அடியில் ஒரு விரற்கடை அளவு மிஞ்சியிருந்தது. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தூள் அலுமாரியில், திறப்புச் சேரிடம். சேர் தேர்க் கூட்டத்தில்.

"சொல்லிடுறேன் பெரியம்மா. போன் எடுத்துச் சொல்லிடுறேன்."

மங்களேஸ்வரி யோசித்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. அவள் வளர்ந்த வீட்டில் ஒரு டின் பால்மா எட்டுப் பேருக்கு. கோப்பையைப் பிள்ளை கொட்டிவிட்டால் அடி விழுவதற்கு முன்னால் அக்காமார் செய்கிற வேலை ஒன்று உண்டு. மிஞ்சினதில் தண்ணீரை ஊற்றிப் பழைய மட்டத்துக்கு நிரப்பிவிடுவார்கள். கேட்டால் இன்றைக்குப் பால் கொஞ்சம் தண்ணியாக இருக்கிறதென்று போய்விடும்.

"பைத்தியமா ஒனக்கு? ஒரு கிழமையில கடுதாசி வரப்போகுது. அந்தக் கேன்ல இருக்குற வடிச்ச தண்ணிய ஊத்தி ரொப்பு."

"அதெப்படி பெரியம்மா?"

"எப்படின்னா? நாப்பது தடவ அப்பளம். இதுவும் அப்பளம். தூக்கிக் குப்பையில போடப்போறாங்க. எவனுக்குத் தெரியப்போகுது?"

மேனகா தண்ணீரை எடுத்து ஊற்றினாள். கோடு போட்ட இடத்துக்கு வந்ததும் மங்களேஸ்வரிதான் "போதும்" என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் சேர் குடுவையைக் கழற்றினார். கழற்றியவர் அசையவில்லை. குடுவைக்குள் இலவம்பஞ்சு வெடித்து நிறைந்த மாதிரி வெள்ளையாக ஏதோ இருந்தது. மூச்சு விட்டாலே ஆடியது. அவர் சத்தமாக மூச்சு விடக்கூடப் பயந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணால் மங்களேஸ்வரியைக் கூப்பிட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. எடை போடவில்லை, எதையும் எழுதவில்லை. அப்படியே ஒரு பெட்டியில் வைத்து, காரில் போட்டுக்கொண்டு, கண்டிப் பக்கத்தில் பெரிய நுணுக்குக்காட்டி இருக்கிற இடத்துக்கு ஓடினார். பின்னேரம் படங்களோடு வந்தார். படத்தில் சிலந்திவலை மேல் சிலந்திவலை போட்ட மாதிரி நூல், நூல், நூல்.

ஜிலேபி வாங்கிவந்து எல்லாருக்கும் அவரே கொடுத்தார். "இது இந்தப் பிள்ளையோட கைராசி! நான் ரெண்டு வருஷம் செஞ்சு வராதது இவ தனியாச் செஞ்சப்ப வந்திருச்சு. நோனா, இவள விட்டுட்டீங்கன்னா நானும் போயிடுவேன்."

நோனா சிரித்துக்கொண்டே கடுதாசியில் கையெழுத்துப் போட்டார். நிரந்தரம். மேனகா ஜிலேபியைக் கையில் வைத்துக்கொண்டு மங்களேஸ்வரியைப் பார்த்தாள். மங்களேஸ்வரி தலையை இலேசாக ஆட்டினாள். பேசாதே என்று.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அடுத்த நாளும் சொல்லியிருக்கலாம். ஒரு மாதம் கழிந்த பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விதான் பெரிதாக வந்து நின்றது.

சேர் மறுபடி செய்தார். அப்பளம். மறுபடியும். அப்பளம். தேர்நாளில் எவ்வளவு தூள் போட்டார், எவ்வளவு தண்ணீர் வைத்தார் என்பது அவர் கைப்பட எழுதியிருந்தது. அதில் பிசகே இல்லையே. ஆகவே அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தார். குடுவையை மாற்றினார். வேகமாகச் சுழற்றச் சொன்னார், மெதுவாகச் சுழற்றச் சொன்னார். நைட்ரஜனில் அரை நிமிஷம், ஒரு நிமிஷம், ஐந்து நிமிஷம். அறையின் சூட்டை ஏற்றினார், இறக்கினார். கடைசியில் ஒருநாள் சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் கண் சிரிக்கவில்லை.

"மேனகா, அன்னைக்கு நீ என்ன சட்ட போட்டிருந்த?"

"மஞ்சச் சட்ட சேர்."

"நாளைக்கு அதையே போட்டுட்டு வாறியாம்மா? சும்மாதான்."

மறுநாள் அவள் மஞ்சள் சட்டையில் வந்தாள். அன்றைக்கும் அப்பளம்தான். அவள் கழிவறையில் போய் வாந்தி எடுத்தாள். மங்களேஸ்வரி தலையைப் பிடித்துவிட்டாள்.

"சொல்லிடுறேன் பெரியம்மா. என்னால முடியல. அந்த மனுசன் மெலிஞ்சுபோயிட்டாரு."

"சொன்னா மொதல்ல ஒன்னையத்தான் வெளிய தள்ளுவாங்க. கொஞ்சம் பொறு. ஏதாச்சும் வழி வரும்."

வழி என்று ஒன்று வந்தது. ஆவணியில் கொழும்புக் குழு நேரில் வந்து பார்க்கப்போவதாகக் கடிதம். அவர்கள் கண் முன்னால் செய்து காட்ட வேண்டும். வந்தால் தவணை நீளும், வராவிட்டால் முடிந்தது. அன்று பின்னேரம் பஸ் நிற்கிற இடத்தில் மேனகா மெதுவாகச் சொன்னாள்.

"பெரியம்மா, அவங்க வாற அன்னைக்கு நானே கொட்டிடப் போறேன்."

"என்னாத்த?"

"கரைசல. அடியில ஒரு விரற்கட விட்டுட்டு மிச்சத்தக் கொட்டிட்டு, தண்ணி ஊத்துறேன். நூல் வந்துரும். அவருக்குத் தவண கெடச்சுரும். அப்பறமா மெதுவாச் சொல்லலாம்."

மங்களேஸ்வரிக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பட்டது என்ன, மனது குளிர்ந்தே போனது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி.

குழுவில் மூன்று பேர். தலைவர் அஸ்ரா, கலாநிதிப் பட்டம் வாங்கியவர். தலையில் முக்காடு, மூக்குக்கண்ணாடி, பேச்சில் அவசரமில்லாத பெண். ஒவ்வொன்றையும் தானே கிட்டப் போய்ப் பார்த்தார். ஐந்து கிராம் தூளை அவர் முன்னால்தான் நிறுத்தார்கள். கரைத்தார்கள், குடுவையில் ஊற்றினார்கள். ஆறட்டும், அதற்குள் தேத்தண்ணி குடிக்கலாம் என்று எல்லாரும் முன்கட்டுக்குப் போனார்கள். மங்களேஸ்வரி தட்டத்தில் தேத்தண்ணியும் வடையும் கொண்டுபோய் வைத்துவிட்டு, நடையில் துடைப்பத்தோடு நின்றாள். காவல் நின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும். நடுவில் சேர் ஒரு தடவை எழுந்து இயந்திரத்துப் பம்பைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் போவதற்கு முன்னாலேயே மேனகா வேலையை முடித்திருந்தாள்.

பிறகு எல்லார் முன்னாலும் குடுவையை முக்கிச் சுழற்றினாள். இயந்திரத்தில் மாட்டினாள். அஸ்ரா அதன் மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் காகிதத்தைக் கிழித்துக் குடுவையைக் கழற்றியபோது பஞ்சு. வெள்ளை வெளேரென்று, அன்றைக்குப் போலவே. சேர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். குழுவில் ஒருவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கதவோரத்தில் நின்ற மேனகா மங்களேஸ்வரியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சை விட்டாள். ஆறு மாதத்தில் அந்தப் பிள்ளை நிம்மதியாக விட்ட மூச்சு அது ஒன்றுதான்.

அஸ்ரா பஞ்சைத் தராசில் வைத்தார். பார்த்தார். எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"மோகனராஜ், நாம போட்டது அஞ்சு கிராம்தானே?"

"ஓம், மேடம்."

"இதுல அரைக் கிராமும் இல்லையே. மிச்சம் எங்க?"

தண்ணீர் ஆவியாகிப் போகும். பொலிமர் போகாது. போட்டது இருக்க வேண்டும். இது மங்களேஸ்வரிக்கே தெரியும்.

"லேசானது மேடம். உறிஞ்சுறப்ப காத்தோட இழுபட்டுப் போயிருக்கும்" என்றார் சேர்.

குழாயைக் கழற்றிப் பார்த்தார்கள். வடிகட்டியைப் பார்த்தார்கள். ஒரு தும்பு இல்லை. அஸ்ரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தேத்தண்ணி குடிக்கிறப்ப நீங்க ஒரு தடவ எழும்பிப் போனீங்க."

"பம்ப பாக்கப் போனேன்."

"முதல் தடவை வந்ததுக்கும் எடை எழுதல. இப்ப எடை சரியில்ல. நடுவுல செஞ்ச முப்பது தடவையும் ஒண்ணுமே வரல. நான் என்ன நினைக்கணும்னு நீங்களே சொல்லுங்க. எங்க கண் முன்னால போட்டது இது இல்ல. நாங்க அந்தப் பக்கம் இருந்தப்ப குடுவையில வேற எதையோ மாத்தி ஊத்தியிருக்கு."

சேர் குனிந்து தராசின் எண்ணை மறுபடி பார்த்தார். மேனகா ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தாள். உதடு பிரிந்துவிட்டது. மங்களேஸ்வரி அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். இறுக்கினாள். வளையல் சதையில் பதிகிற அளவுக்கு இறுக்கினாள். அந்தப் பிள்ளையின் வேலைக்காக என்று அப்போது நினைத்துக்கொண்டாள். அது பாதிதான். பதினொரு வருஷம் தேத்தண்ணி போட்ட தன் இடத்துக்காகவும்தான். மேனகா திரும்பிப் பார்த்தாள். பிறகு எடுத்து வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

அந்த மாதக் கடைசியில் அறையைப் பூட்டினார்கள். சின்ன இயந்திரத்தைப் பலாக்கொட்டை காயவைக்க எடுத்துக்கொண்டார்கள். மோகனராஜ் சேர் எதையும் எதிர்த்துப் பேசாமல் வீட்டு இரும்புக்கடைக்கே திரும்பிவிட்டார். கிளம்பும்போது மேனகாவிடம், "கைராசின்னு சொல்லி ஒனக்கு வீணாக் கஷ்டம் குடுத்திட்டேன்மா, மனசுல வச்சுக்காத" என்றார். அவளைப் பழப் பகுதிக்கு மாற்றினார்கள். வேலை இருந்தது. கோட்டும் இருந்தது. அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். மங்களேஸ்வரி கொண்டுவந்த சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே மூடி வைப்பாள்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, "பெரியம்மா, நான் சேர் கடைக்குப் போறேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி. இந்தத் தடவ கையப் புடிக்காதீங்க" என்றாள்.

மங்களேஸ்வரி கூடவே போனாள், கடை வாசல் வரைக்கும். உள்ளே போகவில்லை. வெளியே கொத்துக் கொத்தாகத் தொங்கிய பிளாஸ்டிக் வாளிகளுக்குப் பின்னால், வாளி பார்க்கிறவள் மாதிரி நின்றாள். உள்ளே சேர் ஆணியைப் பிரித்து டப்பாக்களில் போட்டுக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது.

மேனகா முதலிலிருந்து சொன்னாள். வழுக்கியது, கொட்டியது, தண்ணீர் ஊற்றியது. இரண்டாம் தடவை வேண்டுமென்றே கொட்டியது. முடிந்ததும் சேர் சீமெந்துப் பையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, தச்சுப் பென்சிலால் கணக்குப் போட்டார்.

"பன்னெண்டுல ஒண்ணு" என்றார். "கரைசல் அவ்வளவு தண்ணியா இருந்ததாலதான் நூல் வந்திருக்கு. கெட்டியா இருந்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டித் தகடாப் போயிருது. நான் இது ஒண்ணத் தவிர எல்லாத்தையும் மாத்திப் பாத்தேனே மேனகா. ஒன் சட்டையைக்கூட மாத்திப் பாத்தேன்."

சிரித்தார். அந்தச் சிரிப்பு எப்போது அழுகையானது என்று வாளிகளுக்குப் பின்னால் நின்றவளுக்குத் தெரியவில்லை.

"ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"வேல போயிரும்னு பயந்தேன் சேர்."

"தண்ணி ஊத்தச் சொன்னது யாரு? ஒனக்கா அந்த யோசன வராது. மங்களக்காவா?"

"இல்ல சேர். நானேதான்."

"அவங்க வந்திருக்காங்களா?"

"இல்ல சேர். நான் தனியாத்தான் வந்தேன்."

மங்களேஸ்வரி அங்கே நின்றாள். ஒரு அடி எடுத்து வைத்தால் கடைக்குள் போயிருக்கலாம். கடைப்பையன் வந்து, "என்ன வாளிங்க வேணும்?" என்று கேட்டான். அவள் ஒரு நீல வாளியைக் கையால் காட்டினாள்.

சேர் அன்றைக்கே கொழும்புக்கு எழுதினார். நடந்தது நடந்தபடி இருந்த அந்தக் கடிதத்தில் மேனகாவும் கீழே கையெழுத்துப் போட்டாள். அழகுமுத்து மேனகா என்று முழுப் பெயர். யோசித்துப் போடு என்று அவர் இரண்டு தடவை சொன்னாராம். கடிதத்தின் நகல் ஒன்று தொழிற்சாலைக்கும் போக வேண்டியிருந்தது.

மார்கழியில் பதில் வந்தது. அஸ்ராவே எழுதியிருந்தார். மோசடி என்ற சொல்லை மோகனராஜ் பெயரிலிருந்து எடுத்துவிட்டதாகவும், தாம் அவசரப்பட்டதற்கு வருந்துவதாகவும். ஆனால் தவணையை மறுபடி கொடுக்க வழியில்லை. மிகவும் நீர்த்த கரைசலை உறையவைத்து உலர்த்தினால் இதே இழை வரும் என்று, வேறொரு நாட்டில் வேறொருவர், அந்த வருஷம் ஆனி மாதத்திலேயே எழுதி வெளியிட்டுவிட்டார். தேர் நடந்தது மாசியில். நாலு மாதம் அது இவர் கையில் இருந்தது. சேர் கடிதத்தை மடித்து, கடைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, வந்த ஆளுக்குத் தகரம் வெட்டிக் கொடுக்கப் போனார்.

நோனா மேனகாவைக் கூப்பிட்டுக் கோபப்படாமல்தான் பேசினார். கண்ணாடிச் சாமான் உடைந்தால் பரவாயில்லை, இதை எப்படி வைத்துக்கொள்வது என்றார். மாதக் கடைசியோடு நிற்கச் சொன்னார். மங்களேஸ்வரியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டு போனாள். யாரும் கேட்கவில்லை.

தைப்பொங்கல் கழிந்து அழகுமுத்து மகளைத் தோட்ட ஆபிசுக்குக் கூட்டிப்போய்ப் பேர் பதிந்தார். தாய் இலட்சுமி அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை.

சித்திரையில் மங்களேஸ்வரி கொஞ்சம் பணியாரத்தைக் கட்டிக்கொண்டு ஒரு தடவை போனாள். கொழுந்து நிறுக்கிற நேரம். பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

"அடியே நூல் டாக்டரம்மா! ஒன் கூடையில அரைக் கூட தண்டு. கங்காணி கழிச்சுருவாரு, தெரியுமா?" என்று பின்னால் நின்றவள் கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். மேனகாவும் சிரித்தாள். அவள் விரல்களில் வெடிப்பு விழுந்து, வெடிப்புக்குள் கறுப்பு ஏறியிருந்தது.

"நான் ஒனக்குப் பெரிய பாவம் பண்ணிட்டேன் புள்ள" என்றாள் மங்களேஸ்வரி, வரிசைக்குப் பக்கத்தில் நின்றபடி.

"விடுங்க பெரியம்மா. தண்ணிய ஊத்துனது என் கைதானே."

"அவருகிட்ட நான் இன்னும் சொல்லல."

மேனகா கூடையை நெற்றிக் கயிற்றோடு சரிசெய்துகொண்டாள். "அத நீங்கதான் பாத்துக்கணும்" என்று மட்டும் சொன்னாள். தராசில் அவள் முறை வந்துவிட்டது. கொண்டுவந்த பணியாரத்தை இலட்சுமியிடம் கொடுத்துவிட்டு மங்களேஸ்வரி அடுத்த பஸ்ஸில் மலையிறங்கி வந்தாள்.

மேனகா இப்போது இரத்தோட்டைக்கு மேலே, அதே தோட்டத்தின் மேற்பிரிவில், கொழுந்து எடுக்கிறாள்.